ஆடம்-4017+ மாட்யூல்: மாட்பஸில் பதிலே வரவில்லை, வந்தபின் லெவல் மைனஸில் காட்டுகிறது

இடிபி_மெயின்டனன்ஸ்:
வணக்கம். கழிவுநீர் சுத்திகரிப்பு (இடிபி) பேனலில் அட்வான்டெக் ஆடம்-4017+ (அனலாக் சிக்னலை எண்ணாக்கித் தரும் மாட்யூல்) ஒன்று போட்டிருக்கிறோம். சானல் 0-ல் டேங்க் லெவல் (0–5 மீட்டர்), சானல் 1, 2-ல் பிரஷர், சானல் 3-ல் மின்காந்த ஃபுளோ மீட்டர். நான்குமே 4–20 மில்லி ஆம்ப். மாட்யூலிலிருந்து கணினிக்கு 60 மீட்டர் ஷீல்டு போட்ட முறுக்கு ஜோடி கேபிள். கணினிப் பக்கம் ஏ, பி என்று இரண்டு டெர்மினல் உள்ள யுஎஸ்பி–ஆர்எஸ்485 கன்வர்ட்டர். ஸ்காடாவில் (கணினியின் கண்காணிப்பு மென்பொருள்) மாட்பஸ் ஆர்டியு (கருவிகள் பேசிக்கொள்ளும் புரோட்டோகால்), முகவரி 1, வேகம் 9600, பாரிட்டி இல்லை, 8 பிட், 1 ஸ்டாப். எப்போது கேட்டாலும் டைம் அவுட். மாட்யூலில் பவர் விளக்கு எரிகிறது. ஏ, பி மாற்றிப் போட்டும் பலனில்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சீரியல்_கேபிள்:
ஸ்காடாவை மூடி வையுங்கள். காம் போர்ட்டை அது பிடித்துக்கொண்டிருந்தால் வேறு எந்த மென்பொருளிலும் சோதிக்க முடியாது.

இந்த மாட்யூல் இரண்டு மொழி பேசும். ஒன்று அட்வான்டெக்கின் சொந்த ஆஸ்கி கட்டளைகள், இன்னொன்று மாட்பஸ் ஆர்டியு. ஒரு நேரத்தில் ஒன்றுதான். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஆஸ்கியில், முகவரி 01, 9600-ல் இருக்கும். அந்த நிலையில் மாட்பஸில் எத்தனை முறை கேட்டாலும் வாய் திறக்காது.

ஏதாவது ஒரு டெர்மினல் மென்பொருளில் 9600, பாரிட்டி இல்லை, 8, 1 என்று வைத்து $012 என்று அடித்து என்டர் தட்டுங்கள். வரி முடிவில் கேரியேஜ் ரிட்டர்ன் மட்டும் போக வேண்டும். சில மென்பொருள் லைன் ஃபீட் மட்டும் அனுப்பும், அதை மாட்யூல் கட்டளையின் முடிவாக எடுத்துக்கொள்ளாது.

!01 என்று தொடங்கி பதில் வந்தால் வயரிங், முகவரி, வேகம் மூன்றும் சரி. பதிலின் கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வேகத்தின் குறியீடு: 06 என்றால் 9600, 07 என்றால் 19200. ?01 என்று வந்தால் கட்டளையில்தான் தவறு, லைன் நன்றாக இருக்கிறது. நீங்கள் அனுப்பியதே திரும்பித் தெரிந்தால் கன்வர்ட்டர் எதிரொலிக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

ஒன்றுமே வராவிட்டால் கன்வர்ட்டரை மாட்யூலிலிருந்து கழற்றி, சும்மா இருக்கும்போது ஏ–பி இடையே டிசி வோல்ட் அளவுங்கள். பயஸ் (லைன் சும்மா இருக்கும்போதும் ஏ–பி இடையே வோல்ட்டைப் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) உள்ள கன்வர்ட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பிளஸ் காட்டும் முனைதான் டேட்டா பிளஸ், அதை மாட்யூலின் மஞ்சள் டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள். டேட்டா மைனஸ் பச்சைக்கு. ஏ, பி என்ற எழுத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி அது தலைகீழாகிறது. மாற்றிப் போட்டதால் எதுவும் எரியாது.

இடிபி_மெயின்டனன்ஸ்:
நன்றி சார். $012-க்கு !01 என்று பதில் வருகிறது, கடைசி நான்கு இலக்கம் 0600. எதிரொலி இல்லை. அப்படியானால் ஆஸ்கியில்தான் இருக்கிறது. மாட்பஸுக்கு எப்படி மாற்றுவது?

சீரியல்_கேபிள்:
இனிட் நிலையில்தான் (அமைப்பை மாற்றுவதற்கென்றே உள்ள நிலை) மாற்ற முடியும். வேகம், செக்சம் (செய்தியில் பிழை உண்டா என்று பார்க்கும் எண்), புரோட்டோகால் மூன்றும் அப்படியே. முகவரியை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மாட்யூலின் பவரை நிறுத்துங்கள். இனிட் சுவிட்சை இனிட் பக்கம் தள்ளுங்கள் (சுவிட்ச் இல்லாத பழைய வகைகளில் இனிட் டெர்மினலைக் கிரவுண்டோடு ஒரு துண்டு வயரால் இணைக்க வேண்டும்). பவர் கொடுங்கள். இப்போது மாட்யூல் முகவரி 00, 9600, செக்சம் இல்லாமல் எழும். அட்வான்டெக்கின் இலவச யுடிலிட்டியில் அந்த காம் போர்ட்டைத் தேடச் சொன்னால் இனிட் குறியோடு காட்டும். முகவரி 1, 9600, புரோட்டோகால் மாட்பஸ் என்று வைத்து அப்டேட் கொடுங்கள். பிறகு பவரை நிறுத்தி, சுவிட்சை நார்மலுக்குத் தள்ளி, மீண்டும் பவர். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவதால்தான் பலர் "மாற்றினேன், மாறவில்லை" என்று நிற்கிறார்கள். பவர் ஏறும்போதுதான் மாட்யூல் புதிய அமைப்பைப் படிக்கும்.

யுடிலிட்டி திறந்திருக்கும்போதே இன்டகிரேஷன் டைம் என்ற இடத்தையும் பாருங்கள். 50 மில்லி செகண்ட் என்பது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, 60 மில்லி செகண்ட் என்பது 50 ஹெர்ட்ஸுக்கு. நமக்கு 60 மில்லி செகண்ட். உங்கள் பதிலின் கடைசி 00 அது இன்னும் 60 ஹெர்ட்ஸில் இருப்பதைத்தான் சொல்கிறது. எண்ணைப் பார்த்துக் குழம்பாமல் ஹெர்ட்ஸைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சோதிக்க, ஹெக்ஸில் இந்த எட்டு பைட்டை அனுப்புங்கள்:

01 03 00 00 00 04 44 09

முகவரி 1-ல் முதல் நான்கு ரிஜிஸ்டரை (சானலுக்கு ஒன்றாக உள்ள 16 பிட் எண்) கேட்கிறது. 13 பைட் திரும்ப வரவேண்டும், 01 03 08 என்று தொடங்கும். சானல் 0 என்பது 40001, லைனில் அதன் முகவரி 0000. உங்கள் ஸ்காடா 40001 கேட்கிறதா, 1 கேட்கிறதா, 0 கேட்கிறதா என்று பாருங்கள். ஒன்று தள்ளிப் போனால் சானல் 1-ஐ லெவல் என்று படிப்பீர்கள். எண்கள் நியாயமாகவே தெரியும் என்பதால் கண்டுபிடிக்க நாளாகும்.

இடிபி_மெயின்டனன்ஸ்:
மாட்பஸ் வந்துவிட்டது, 13 பைட் சரியாக வருகிறது. இப்போது இரண்டு சிக்கல். டேங்க் 2.5 மீட்டரைத் தாண்டியதும் லெவல் மைனஸில் போகிறது. ஃபுளோ மீட்டர் திரையில் 40 கனமீட்டர்/மணி காட்டும்போதும் சானல் 3 பூஜ்யத்திலேயே நிற்கிறது. அந்த வயரைச் சொருகினால் மற்ற மூன்று சானலும் மாட்யூல் தரும் எண்ணில் 300 எண்ணிக்கை வரை ஆடுகிறது. நான்குக்கும் ஒரே மாதிரிதான் வயரிங்: 24 வோல்ட் பிளஸ் டிரான்ஸ்மிட்டர் பிளஸுக்கு, டிரான்ஸ்மிட்டர் மைனஸ் சானல் பிளஸுக்கு, சானல் மைனஸ் 24 வோல்ட் மைனஸுக்கு.

லூப்_24:
லெவல் விஷயம் சின்னது. மாட்பஸில் இந்த மாட்யூல் 0 முதல் 65535 வரை தரும்: 4 மில்லி ஆம்ப் 0, 20 மில்லி ஆம்ப் 65535. உங்கள் ஸ்காடா அதை மைனஸ் உள்ள 16 பிட் எண்ணாகப் படிக்கிறது. பாதியைத் தாண்டியதும், அதாவது 32767-க்கு மேல், மைனஸ் ஆகிவிடும். ஸ்காடாவில் அந்த எண்ணுக்கான டேக்கின் வகையை மைனஸ் இல்லாத 16 பிட் என்று மாற்றுங்கள். லூப் கேலிப்ரேட்டரால் 12.00 மில்லி ஆம்ப் கொடுத்தால் 32767-ஐ ஒட்டி வரவேண்டும், லெவல் 2.50 மீட்டர்.

ஃபுளோ மீட்டர்தான் கவனிக்க வேண்டியது. லெவலும் பிரஷரும் இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர், லூப்பிலிருந்தே பவர் எடுப்பவை. அவற்றுக்கு உங்கள் வயரிங் சரி. மின்காந்த ஃபுளோ மீட்டர் தனியாக 230 வோல்ட்டில் ஓடும் நான்கு வயர் கருவி. பெரும்பாலும் அதன் அவுட்புட் தானே கரண்டைத் தள்ளும், ஆக்டிவ் அவுட்புட். அதனோடு 24 வோல்ட்டையும் தொடரில் போட்டால் இரண்டு சப்ளையும் எதிரெதிராக முட்டிக்கொள்ளும், கரண்ட் ஓடாது. அவுட்புட் கார்டே போகவும் வாய்ப்புண்டு. உடனே கழற்றுங்கள்.

சோதிக்க: அவுட்புட்டில் எந்த வயரும் இல்லாமல், மல்டிமீட்டரை மில்லி ஆம்பில் வைத்து இரண்டு டெர்மினலுக்கும் நேராக வையுங்கள். 4-ம் அதற்கு மேலும் காட்டினால் ஆக்டிவ். பூஜ்யம் என்றால் பாசிவ், அதற்குத்தான் வெளி 24 வோல்ட் வேண்டும். ஆக்டிவ் என்றால் அவுட்புட் பிளஸ் நேராகச் சானல் 3 பிளஸுக்கு, மைனஸ் சானல் 3 மைனஸுக்கு. அந்தச் சானல் மைனஸிலிருந்து 24 வோல்ட் மைனஸுக்குப் போகும் வயரை எடுத்துவிடுங்கள்.

மாட்யூலின் மூடியைத் திறந்து ஜம்பரையும் பாருங்கள், சானலுக்கு ஒன்று உண்டு. கரண்ட் பக்கம் இருந்தால் உள்ளே 120 ஓம் ரெசிஸ்டர் இணையும். வோல்டேஜ் பக்கம் இருந்தால் மெகா ஓம் கணக்கில் தடை, லூப்பில் கரண்டே ஓடாது. வயரைக் கழற்றாமலே அறிய, சானல் பிளஸ்–மைனஸ் இடையே வோல்ட் அளவுங்கள்: 4 மில்லி ஆம்புக்கு 0.48, 12-க்கு 1.44, 20-க்கு 2.40 வோல்ட். பேனலில் நின்று பார்க்க இதைவிட வேகமான வழி இல்லை. இங்கே எண் சரி, ஸ்காடாவில் தவறு என்றால் ரேஞ்ச் அல்லது ஸ்கேலிங். இங்கேயே தவறு என்றால் மென்பொருளைத் தொடவே வேண்டாம்.

இடிபி_மெயின்டனன்ஸ்:
அண்ணா, ஆக்டிவ்தான். நேராகப் போட்டதும் சானல் 3 திரையோடு ஒத்து வருகிறது, லெவலும் சரியாகிவிட்டது. ஆனால் பம்ப் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும்போது நான்கு சானலும் இன்னும் கொஞ்சம் ஆடுகின்றன. சீரியல் கேபிள் முனையில் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் போட வேண்டுமா?

லூப்_24:
அது இதற்கு மருந்தல்ல. 9600-ல் 60 மீட்டருக்கு அது தேவையும் இல்லை. பயஸ் பலவீனமான கன்வர்ட்டரில் அதைப் போட்டால் சும்மா இருக்கும்போதைய வோல்ட் 0.2-க்குக் கீழே இறங்கி, ஓடிக்கொண்டிருந்த லைனும் கெடும். சீரியல் லைனில் சத்தம் இருந்தால் சிஆர்சி (செய்தியின் சரிபார்ப்பு எண்) பிழையும் டைம் அவுட்டும்தான் வரும், எண் கொஞ்சம் ஆடாது. ஆட்டம் அனலாக் பக்கத்திலிருந்து வருகிறது.

இந்த மாட்யூலில் உள்ளீட்டுப் பக்கம் முழுவதும் சேர்ந்து மற்ற பக்கத்திலிருந்து 3000 வோல்ட் வரை தனிமைப்படுத்தப்பட்டது. சானலுக்குச் சானல் அந்தத் தனிமை கிடையாது. குழாய் எர்த்தோடு ஒட்டிய ஃபுளோ மீட்டர் கொண்டுவரும் ஆட்டம் மற்ற மூன்றிலும் தெரியும். சானல் 3-க்கு முன்னால் ஒரு சிக்னல் ஐசோலேட்டர் போடுங்கள், 4–20 உள்ளே, 4–20 வெளியே. லூப்புக்கும் மாட்யூலுக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் பவர் சப்ளை) என்றால் அந்த 3000 வோல்ட் தனிமையை நீங்களே ஒரு வயரால் கடந்துவிட்டீர்கள். லூப்புக்குத் தனி 24 வோல்ட் வையுங்கள்.

சிக்னல் ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். சிக்னல் கேபிளையும் விஎஃப்டி மோட்டார் கேபிளையும் ஒரே டிரேயில் போடாதீர்கள். பயன்படாத சானல் 4 முதல் 7 வரை பிளஸ்–மைனஸை ஷார்ட் செய்து, யுடிலிட்டியில் அணைத்துவிடுங்கள். மாட்யூல் மொத்தமாகவே நொடிக்கு 10 மாதிரிதான் எடுக்கும், அதை எல்லாச் சானலும் பங்குபோடுகின்றன.

சீரியல்_கேபிள்:
இன்னொன்று சேர்க்கிறேன். 4–20 ரேஞ்சில் வயர் அறுந்தாலும் டேங்க் காலியானாலும் ஸ்காடாவில் 0-தான். இடிபியில் அது ஆபத்து, பம்ப் தவறாக முடிவெடுக்கும். லெவல் சானலை மட்டும் ±20 மில்லி ஆம்ப் ரேஞ்சுக்கு மாற்றுங்கள், இந்த மாட்யூலில் சானலுக்குச் சானல் ரேஞ்ச் வேறாக வைக்கலாம். அப்போது 0 மில்லி ஆம்ப் 32768-ஐ ஒட்டி, 4 மில்லி ஆம்ப் 39321, 20 மில்லி ஆம்ப் 65535. லெவல் = (எண் − 39321) × 5 ÷ 26214. 3.6 மில்லி ஆம்புக்குக் கீழே, அதாவது 38666-க்குக் கீழே போனால் வயர் அல்லது டிரான்ஸ்மிட்டர் பழுது என்று அலாரம் வையுங்கள். கொஞ்சம் துல்லியம் குறையும், 16 பிட்டில் அது லெவலுக்குப் பொருட்டே இல்லை.

இடிபி_மெயின்டனன்ஸ்:
ஐசோலேட்டரும் தனி 24 வோல்ட்டும் போட்டாயிற்று. விஎஃப்டி முழு வேகத்திலும் ஆட்டம் 20 எண்ணிக்கைக்குள். லெவல் வயரைக் கழற்றிப் பார்த்தேன், 32768 வந்து அலாரம் அடித்தது. ஸ்காடா எவ்வளவு இடைவெளியில் கேட்கலாம்?

சீரியல்_கேபிள்:
1 நொடி. கேள்வி 8, பதில் 13, சேர்த்து 21 பைட்டுக்கு 9600-ல் 22 மில்லி செகண்ட்தான் ஆகும். ஆனால் நொடிக்கு 10 மாதிரியை நான்கு சானல் பங்குபோட்டால் ஒரு சுற்றுக்கு 0.4 நொடி ஆகும், அதைவிட வேகமாகக் கேட்டால் பழைய எண்ணையே திரும்பத் திரும்ப வாங்குவீர்கள். டைம் அவுட் 500 மில்லி செகண்ட், மறுமுயற்சி 2. நான்கு ரிஜிஸ்டரையும் ஒரே கேள்வியில் கேளுங்கள், தனித்தனியாக வேண்டாம்.