கேமரன் மலை இறக்கத்தில் வேனின் பிரேக் பெடல் உள்ளே போய்விட்டது: தப்பு எங்கே?

கேள்வி: சுங்கை சிப்புட் வேன் குடும்பம்

வணக்கம். என் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து ஒரு பழைய டீசல் வேனில் படுக்கை, அடுப்பு, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துத் தங்கும் வண்டியாக மாற்றியிருக்கிறார்கள். ஆட்டோ கியர். போன சனிக்கிழமை மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக மேலே போனோம். ஒரு குறையும் இல்லை. பிரிஞ்சாங்கில் இரவு தங்கி, காலையில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைப் பார்த்துவிட்டு, மதியம் தாப்பா வழியாக இறங்கினோம். பிள்ளைகளுக்கு அருவியைக் காட்டத்தான் அந்த வழி.

ரிங்லெட் தாண்டியதும் கருகிய வாடை வந்தது. இன்னும் சில வளைவுகள் போனதும் பெடல் பஞ்சு மாதிரி ஆகி, மிதித்தால் அடிவரை இறங்கியது. கணவர் விட்டு விட்டுப் பல முறை மிதித்து, கியரையும் குறைத்து, லாத்தா இஸ்கந்தார் அருவியோரம் ஒருவழியாக நிறுத்தினார். பின்னால் மாமியார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் நின்றோம். பெடல் பழையபடி கெட்டியானது. மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பட்டறையில் பார்த்தார்கள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பேட் தடிப்பாக இருக்கிறது, பிரேக் எண்ணெய் எங்கும் ஒழுகவில்லை, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாமியார் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கல்யாணமாகித்தான் இங்கே ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தார். பிறந்த லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, இருந்த இடத்தை இந்த முறை பார்க்க முடியவில்லை. மூன்று வாரத்தில் மறுபடி அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். இந்த வண்டியை நம்பி ஏறலாமா?

பதில்: பீடோர்க்காரன்

பேட் மலிவானதாக இருக்கும். நல்லதாகப் பார்த்து மாற்றுங்கள்.

பதில்: ஈப்போ பட்டறை

அக்கா, பேட் மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால், பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. உங்களுக்குப் பெடலே உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் பிரேக் எண்ணெய் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது. எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். அண்ணன் மிதித்த மிதியெல்லாம் ஆவியை நசுக்குவதிலேயே போய்விட்டது. ஆறியதும் ஆவி திரும்ப நீர்மமாகிவிடும். அதனால்தான் மறுநாள் பட்டறையில் ஒன்றும் தெரியவில்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 தர எண்ணெய் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

இன்னொன்று. சமதரையில் ஒரு பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரத்தின் பக்கமும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பேடை அழுத்தும் கேலிப்பர் சிக்கி, விடாமல் பிடித்துச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி கேட்டவர்

தம்பி, நீங்கள் சொன்னபடியே பார்த்தோம். முன் இடது சக்கரம் மட்டும் அனல். எண்ணெய் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை, வண்டியை வாங்கியே மூன்று வருடம். டப்பாவைத் திறந்தால் கோப்பி ஓ மாதிரிக் கறுப்பு நிறம்.

பதில்: பழைய காய்கறி லோரி

ம்மா, கேமரன் காய்கறி லோரி 22 வருடம் ஓட்டினேன். தம்பி சொன்ன இரண்டையும் செய்யுங்கள். ஆனால் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு அதே மாதிரி இறங்கினால், அடுத்த முறை பேட் கருகும். இறங்கும்போது கியர் எதில் இருந்தது? தண்ணீர்த் தொட்டி எவ்வளவு இருந்தது?

கேள்வி கேட்டவர்

எப்போதும் ஓட்டும் டி-யில்தான் ஐயா, கடைசியில்தான் குறைத்தார். தொட்டி முழுசாக இருந்தது. மலைத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தானா ராத்தாவில் நான்தான் நிரப்பச் சொன்னேன்.

பதில்: பழைய காய்கறி லோரி

அதுதான்ம்மா. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே. தாப்பா அடிவாரம். உங்கள் வண்டி ஆளும் சாமானுமாக 2,500 கிலோ என்று வையுங்கள். அந்த உயரத்திலிருந்து அது இறங்கும்போது வெளிவரும் சக்தி நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் பெரும்பங்கை, பேட் கவ்விப் பிடிக்கும் அந்தச் சின்ன டிஸ்க்குகளிடம் கொடுத்தால் அவை என்ன செய்யும்?

அதை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே 2-க்குப் போடுங்கள், செங்குத்தான இடத்தில் எல், ஆகக் குறைந்த கியர். டீசல் எஞ்சின் பெட்ரோல் அளவுக்கு இழுத்துப் பிடிக்காது, அதனால் இன்னும் ஒரு கியர் கீழேயே வைத்திருங்கள். எஞ்சின் இரையும், பயப்பட வேண்டாம், மீட்டர் முள் சிவப்புக்குப் போகாமல் இருந்தால் போதும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். நன்றாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் முழுசாக விடுங்கள், ஆறட்டும். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தால் ஓரம் கட்டி வழி விடுங்கள். அவனுக்காக வேகம் கூட்டித்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெளிந்துவிடும், விரிசலும் விடும். இறக்கத்தில் எஞ்சினை அணைக்கவே கூடாது, பெடல் கல்லாகிவிடும். தொட்டியை மேலேயே காலி செய்துவிட்டு இறங்குங்கள், 80 கிலோ மிச்சம்.

வழியைக் கேட்டால், சிம்பாங் பூலாய் சாலை அகலம், வளைவும் குறைவு. ஆனால் அங்கே வண்டி தானாக வேகம் பிடிக்கும், கியர் விஷயம் அங்கேயும் அதேதான். ரிங்லெட் போக வேண்டுமென்றால் கம்போங் ராஜா வழியாக ஏறி, பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புங்கள். தாப்பா பாதை பழைய பாதை, மழையில் வயதானவரை வைத்துக்கொண்டு வேண்டாம். மழை விடாமல் பெய்திருந்தால் இரண்டு வழியிலும் மண் சரியும், புறப்படும் முன் விசாரியுங்கள்.

பதில்: ஈப்போ பட்டறை

ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிரேக் கொதித்து நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வண்டியிலேயே இரண்டு கட்டை இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரம் கழித்து

கேலிப்பர் ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக் எண்ணெயை முழுக்க வெளியேற்றி டாட் 4 ஊற்றினார்கள். நேற்று போய்வந்தோம். ஐயா சொன்னபடி தொட்டியைக் காலி செய்து, கம்போங் ராஜாவிலிருந்தே 2-இல் இறங்கினோம். ஒரு தடவைகூட வாடை வரவில்லை. சிம்பாங் பூலாயில் நிறுத்தி நான்கு சக்கரமும் பார்த்தோம், எல்லாம் ஒரே சூடு.

லயம் இப்போது இல்லை. கோயில் இருக்கிறது. மாமியார் அதன் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், நாங்கள் எழுப்பவில்லை. ஐயாவுக்கும் தம்பிக்கும் அவர் நன்றி சொல்லச் சொன்னார்.