பிரெஞ்சில் பாடும் புதுப் பாடகிகள் யாரைக் கேட்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பிரெஞ்சு பாப் விரும்பிக் கேட்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

பெல்ஜியத்துப் பாடகி ஆஞ்செல் 2018-இல் வெளியிட்ட 'ப்ரோல்' ஆல்பத்தில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அப்புறம் கிளாரா லூசியானி, போம் என்ற பாடகிகள் பக்கம் போய், இப்போது பாடகி சாஹோ டி சகசானில் வந்து நிற்கிறேன். என்ன குரல் அது! அடித்தொண்டையிலிருந்து கனமாக எழும். பியானோவோடு மெதுவாக ஆரம்பிப்பார். சின்தசைசரும் தாளமும் ஏற ஏற, அதே குரலுக்கு எழுந்து ஆடத் தோன்றும். பிரான்சின் 2024 விக்துவார் இசை விருதுகளில் நான்கு அவருக்குக் கிடைத்தன. முழுத் தகுதி உள்ளவர்.

பிரச்சினை என்னவென்றால், நான் பாட்டு கேட்கும் ஆப் சுற்றிச் சுற்றி இவர்களையே காட்டுகிறது. கொஞ்சம் தள்ளிப்போனால் நேராக எடித் பியாஃப், பிரான்சுவாஸ் ஆர்டி காலத்துக்குப் போய்விடுகிறது. அவர்கள் மீது பெரிய மரியாதை உண்டு. ஆனால் எனக்கு இப்போது வேண்டியது, கடந்த இரண்டு மூன்று வருடங்களில் முதல் ஆல்பம் போட்டவர்கள். ரேடியோ பிரான்ஸின் ஃபிப் வானொலியும் கேட்கிறேன். அதில் ஜாஸ், ராக், ஆப்பிரிக்க இசை எல்லாம் கலந்து வரும்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் பாடகி கேர் டி பிராட்டைத் தாண்டி எனக்கு யாரையும் தெரியாது. மொன்றியாலில் இருப்பவர்கள், அங்கே இப்போது யாரைக் கேட்கிறீர்கள்? பாடகியின் பெயரோடு முதலில் கேட்க வேண்டிய ஒரு பாட்டையும் சொன்னால் நல்லது. சோகப் பாட்டு என்றாலும் சரி, வரிகள் நன்றாக இருந்தால் போதும்.