எட்மண்டனில் சமையல் வேலை, ஷிப்ட் முடிய இரவு 11 மணி: பனியில் போய் வருவது எப்படி?

கோட்டையூர் சமையல்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் கல்யாணம், சாந்தி, படைப்பு என்று எந்த விசேஷமானாலும் போய்ச் சமைத்துக் கொடுப்பவன் நான். இப்போது கனடாவில் எட்மண்டன் நகரத்தில் ஓர் உணவகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பெர்மிட்டும் வந்துவிட்டது. பொங்கல் முடிந்த கையோடு கிளம்ப வேண்டும்.

வேலையை நினைத்துப் பயமில்லை. ஆயிரம் இலை விழுந்த பந்திக்கெல்லாம் விறகடுப்பு முன்னால் நின்றிருக்கிறேன். போய் வருவதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. முதலாளி பார்த்து வைத்திருக்கும் அறை கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். காலை 11 மணிக்கு உள்ளே போனால் இரவு 11 மணிக்குத்தான் வெளியே வர முடியும். ஜனவரியில் மைனஸ் 30 வரைகூடப் போகுமாமே? மார்கழி விடியலுக்கே மப்ளர் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிற ஆள் நான்.

நடந்தே போய்விடலாமா, பஸ்ஸை நம்பலாமா, இல்லை பழைய கார் ஒன்று வாங்கியாக வேண்டுமா? மதுரையில் லெதர் ஜாக்கெட் எடுத்துக்கொண்டு போ என்கிறான் மச்சான். நான் வீடு சேரும் வரை தூங்க மாட்டேன் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் குளிரில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

புதுவயல் ஆச்சி:

தம்பி, நான் எட்மண்டனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில்தான் வேலை பார்க்கிறேன். ஆகையால் அடுப்படி ஆளுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வேர்வை. உங்கள் வேலைக்கு இதுதான் பெரிய ஆபத்து, யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றால் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதை மாற்றாமல் மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோட்டாக இருந்தாலும் நடுக்கம் நிற்காது. பருத்தி ஈரத்தை விடவே விடாது. கடையில் ஒரு பையில் காய்ந்த உடுப்பு எப்போதும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஈர பனியன், ஈர சாக்ஸ் இரண்டையும் கழற்றிவிட்டு, துண்டால் நன்றாகத் துடைத்து, கம்பளியோ பாலியஸ்டரோ கலந்த தெர்மல் உடுப்பைப் போடுங்கள். கழுத்தும் பிடரி முடியும் காய்ந்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவிய கையை ஒழுங்காகத் துடைக்காமல் கையுறைக்குள் விடாதீர்கள். இதற்கெல்லாம் பத்து நிமிஷம் ஆகும். முதலாளி அவசரப்படுத்தினாலும் அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் செருப்பு சமாசாரம். சமையல்கட்டில் வழுக்காத ஷூவை நம்பித் தெருவில் இறங்க வேண்டாம், அது தனி, இது தனி. தெருவுக்குக் கணுக்காலுக்கு மேலே வரும் குளிர்கால பூட்ஸ் வேண்டும். பனி இறுகி, கண்ணாடி மாதிரி மின்னாமல் தார்ச்சாலை நிறத்திலேயே கிடக்கிற இடங்கள் உண்டு. பார்த்தால் வெறும் ஈரம் என்றுதான் தோன்றும். எண்ணெய் சிந்திய ஆத்தங்குடிக் கல் தரையில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பீர்களோ அப்படி நடங்கள்: சின்னச் சின்ன அடி, பாதம் முழுவதும் தரையில், கை இரண்டும் பாக்கெட்டுக்கு வெளியே. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டை விற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும்.

நடக்கலாமா என்றால், மைனஸ் 15, காற்று இல்லை என்றால் தாராளமாக நடக்கலாம். உடம்புக்கு நல்லது என்றுகூடச் சொல்வேன். மைனஸ் 30 வேறு கதை. வானிலை அறிக்கையில் காற்றையும் சேர்த்து ஒரு கணக்குச் சொல்வார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைந்துவிடும். மைனஸ் 40-க்குக் கீழே 5 முதல் 10 நிமிஷம் போதும். இரண்டு கிலோமீட்டரைப் பனியில் அரை மணிக்குள் கடப்பது கஷ்டம். அந்த நாட்களில் பஸ், அல்லது கூட வேலை பார்ப்பவர் காரில் வாருங்கள், பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ராத்திரியில் பஸ் இடைவெளி அதிகம். பஸ் எங்கே வருகிறது என்று போனில் பார்த்துவிட்டுக் கடைக்குள்ளேயே நில்லுங்கள், நிறுத்தத்தில் போய்க் காத்திருக்க வேண்டாம். போனைக் கோட்டின் உள்பையில் வைத்தால்தான் பேட்டரி நிற்கும். வெளியே எடுத்துக்கொண்டு நடந்தால் பாதி வழியில் அணைந்துவிடும்.

லெதர் ஜாக்கெட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். இந்தக் குளிருக்கு அது காணாது. எல்லாம் இங்கே வாங்குவதுதான் சரி. வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய துணிக் கடைகளில் நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும். பூட்ஸை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஆனால் ஒன்று, விமான நிலையம் ஊரிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அழைக்க வருகிறவரைக் கோட்டு, குல்லா, கையுறை மூன்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லி இப்போதே பேசிவிடுங்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: குளிர்காலத்தில் இங்கே ராத்திரி 11 மணி என்றால் கோட்டையூரில் மறுநாள் பகல் 11.30. நீங்கள் வீடு சேரும்போது அவர் மதியச் சமையலில் இருப்பார். உள்ளே நுழைந்ததும் ஒரு போன் போட்டால் போதும்.

கண்டனூர் முன்னாள் ராணுவம்:

திராஸ், கார்கில் பக்கம் குளிர்காலத்தில் லாரி ஓட்டியவன் நான். ஆச்சி சொன்னதெல்லாம் சரி. விரலைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

விரல் வலித்தால் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். வலி நின்று மரத்துப்போய் வெளுத்தால்தான் பயப்பட வேண்டும். அப்போது தேய்க்கக் கூடாது. பனியை வைத்துத் தேய்ப்பது பழைய வழக்கம், அது தப்பு. நெருப்பிலும் காட்டக் கூடாது, உணர்ச்சி இல்லாத விரல் வெந்துபோவது தெரியாது. நீங்கள் அடுப்படி ஆள், கை தானாக அடுப்புப் பக்கம் போகும், கவனம். அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம். நிறம் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரிதான். ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு தாங்கும்.

செக்ரி ஓய்வூதியர்:

காரைக்குடி செக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், பேட்டரிப் பிரிவில் வேலை பார்த்தேன். மகன் கனடாவில் இருப்பதால் அங்கே போய்ப் பார்த்தும் இருக்கிறேன். முதல் குளிர்காலத்தில் கார் வேண்டாம் என்பதே என் கருத்து.

ஈயம்-அமில பேட்டரியில் நடப்பது வேதிவினை. குளிரில் அந்த வினை மந்தமாகும். மைனஸ் 18-லேயே பேட்டரியின் திறன் பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரம் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, சுற்றுவதற்குக் கூடுதல் சக்தி கேட்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரிக்குள் இருக்கும் திரவம் உறைந்து, பேட்டரியின் மேல்கூடே விரிசல் விடவும் கூடும். இதற்காகத்தான் அந்த ஊரில் எஞ்சினில் ஒரு ஹீட்டர் வைத்து, இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைக்கிறார்கள். உங்கள் அறைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பிளக் இருக்கிறதா? இல்லையென்றால் பழைய கார் காலையில் கிளம்பாது.

டயரும் தனி. சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கும். கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். எட்மண்டன் இருக்கும் ஆல்பர்ட்டா மாநிலத்தில் கட்டாயமில்லை, அதனால் பழைய கார் விற்பவர் போட்டுத் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. சாலையில் போடும் உப்பு அடித்தகட்டைத் தின்றுவிடும். வாங்குவதற்கு முன் குனிந்து அடியில் துருப் பாருங்கள். காரைக் கிளப்பும் முன் புகைபோக்கியைப் பனி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் ஏறும், அதற்கு வாசனையே கிடையாது.

கோட்டையூர் சமையல்காரர்:

மூன்று பேருக்கும் நன்றி. முதலாளியிடம் பேசிவிட்டேன், விமான நிலையத்துக்குக் கோட்டு கொண்டுவருவதாகச் சொன்னார். தந்தூர் அடுப்பில் நிற்கும் பையன் என் அறைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறானாம், அவனிடம் கார் இருக்கிறது. ஆச்சி, இன்னும் இரண்டு சந்தேகம். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகலாமா? காதில் கடுக்கன் போட்டிருக்கிறேன், அது இருக்கலாமா?

புதுவயல் ஆச்சி:

தேங்காய் எண்ணெய் இங்கே வீட்டு அலமாரியிலேயே கட்டியாகிவிடும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலின் போடுங்கள். ஆனால் அது வெடிப்புக்குத்தான், குளிரைத் தடுக்காது, முகத்தை மூடத்தான் வேண்டும். கடுக்கனை மார்ச் வரை கழற்றி வையுங்கள். உலோகம் குளிர்ந்து காது மடலைக் கடிக்கும், குல்லா நூலிலும் மாட்டும். பூட்ஸ் வாங்கப் போகும்போது தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு போய் அளவு பாருங்கள். விரலை உள்ளே அசைக்க இடம் இல்லையென்றால் அடுத்த அளவை எடுங்கள்.