ட்வெல்வ் அபாஸல்ஸ்: கரையையே தின்ற கடல் தூண்களை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

பொள்ளாச்சிப் பொண்ணு:
அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். மெல்போர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு வழியாகப் போய் கடலுக்குள் நிற்கும் ட்வெல்வ் அபாஸல்ஸ் பாறைத் தூண்களைப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே அப்பா கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சுற்றியிருந்த பாறையெல்லாம் போனபிறகும் அந்தத் தூண்கள் நிற்கின்றனவே, அது மட்டும் கெட்டியான கல்லா?

இன்னொன்று. பக்கத்தில் லாக் ஆர்ட் கார்ஜில் படி இறங்கிப் போனால் பாறை விளிம்பில் கல் விழுதுகள் தொங்குகின்றன, ஆந்திராவின் போரா குகையில் பார்த்தது மாதிரியே. அலை குடைந்த இடத்தில் அது எப்படி வந்தது?

உப்புக்காத்து:
கடல் தண்ணீரில் இருக்கும் உப்பு கல்லைக் கரைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சுன்னாகத்தான்:
என்ரை வாகனத்தில் ஏறுகிற ஆட்களும் இதைத்தான் கேட்கிறவர்கள். சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் ஓடித் திரிகிறவன் நான், ஆனபடியால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தூணும் கரையும் ஒரே கல். போர்ட் கேம்ப்பல் சுண்ணக்கல் என்று பெயர். மயோசீன் காலத்தில், 1 கோடி வருடத்துக்கும் முன்னால், கடலடியில் சிப்பியும் மற்றச் சின்ன உயிர்களின் ஓடும் படிந்து இறுகினது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிணறு வெட்டுகிற கல்லும் மயோசீன் சுண்ணக்கல்தான், அதனால் எனக்கு அந்தக் கரையில் ஒரு தனிப் பாசம்.

அந்தக் கல்லில் மேலிருந்து கீழாக வெடிப்புகள் ஓடுகின்றன. தென் சமுத்திரத்து அலை வந்து அடிக்கும்போது வெடிப்புக்குள் காற்று அடைபட்டு அமுங்கும். அலை பின்வாங்கினதும் ஒரேயடியாக விரியும். இப்படி அடித்து அடித்துக் கல் பிளந்துகொண்டே போகும். உடைந்த கல்லையும் மணலையும் அள்ளி அதே இடத்தில் எறிவதும் அலைதான். முதலில் குகை. கடலுக்குள் நீண்டிருக்கும் முனை ஒன்றில் இரண்டு பக்கமும் குகை விழுந்து, இரண்டும் உள்ளே சந்தித்தால் அது வளைவு. வளைவின் கூரை விழுந்தால் வெளிப்பக்கத் துண்டு தனியே நிற்கும். அதுதான் தூண். ஆக, இரண்டு வெடிப்புக்கு நடுவே மிஞ்சினது அது. பலத்தால் மிஞ்சவில்லை, நின்ற இடத்தால் மிஞ்சியது. அதற்கும் அடியில் அரிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது, வருடத்துக்குச் சுமார் 2 சென்ரிமீற்றர் என்று சொல்கிறார்கள்.

கூரை விழுவதை ஆட்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். அதே கரையில் லண்டன் பிரிட்ஜ் என்ற இரட்டை வளைவில் கரைப்பக்கத்து வளைவு 1990 ஜனவரி 15 அன்று இடிந்தது. அந்த நேரம் அப்பால் நின்ற இரண்டு பேர் நடுக்கடலில் மாட்டி, ஹெலிகொப்டர் வந்துதான் தூக்கினது. யாருக்கும் காயமில்லை. இப்போது அதை லண்டன் ஆர்ச் என்கிறார்கள். 2005 ஜூலை 3இல் அபாஸல்ஸ் தூண் ஒன்று பொலபொலவென்று சரிந்து கற்குவியலானது. 2009இல் லாக் ஆர்ட் பக்கத்து ஐலண்ட் ஆர்ச்வே விழுந்து, மிஞ்சின இரண்டு தூணுக்கும் டொம், ஈவா என்று பேர் வைத்தார்கள். 1878இல் லாக் ஆர்ட் கப்பல் உடைந்தபோது 54 பேரில் தப்பின இருவரின் பேர் அது. (மற்றப்படி 12 தூண் அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. முந்திய பேர் 'பன்றியும் குட்டிகளும்'. எனக்கென்னவோ அந்தப் பேர்தான் பிடிக்கும்.)

இனி உங்கள் விழுதுகள். அது கடலின் வேலையே இல்லை, மழையின் வேலை. மழைத்தண்ணி மண்ணுக்குள்ளால் இறங்கும்போது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகும். அது சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டே கீழே வரும். பாறை விளிம்பில் சொட்டாக வந்து நிற்கும்போது வாயு காற்றில் போய்விடும். தண்ணியால் அவ்வளவு சுண்ணாம்பைத் தாங்க முடியாது, விளிம்பிலேயே விட்டுவிடும். கேத்திலுக்குள் சுண்ணாம்பு கலந்த கிணற்றுத்தண்ணி கொதிக்கவைத்தால் வெள்ளையாகப் படிவது போலத்தான். போராவிலும் இதேதான். ஒரே பாறையில் கீழே கடல் உடைக்கிறது, மேலே மழை கரைத்து வேறு இடத்தில் ஒட்டுகிறது.

உப்புக்காத்து, நீங்கள் சொன்னது பாதிதான் சரி. கடல் மேற்பரப்புத் தண்ணியில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது, அதனால் பெரிதாகக் கரைக்காது. உப்பின் வேலை வேறு: கல்லின் துளைக்குள் போய்க் காய்ந்து படிகமாகும்போது தோலைச் செதில் செதிலாக உரிக்கும்.

முட்டத்துக்காரி:
அப்போ எங்க கன்னியாகுமரிப் பக்கத்து முட்டம் கடற்கரையில் ஏன் தூணும் இல்லை, விழுதும் இல்லை? அங்கேயும் அலை சும்மா இருக்காது. எல்லாம் உருண்டை உருண்டையான பாறை.

சுன்னாகத்தான்:
உங்கள் குமரிக் கல் பூமிக்கு ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகின பழங்கல். மழை அமிலம் அதைச் சுண்ணக்கல் போலக் கரைக்காது, ஆகவே விழுதுக்குச் சுண்ணாம்பு கிடைக்காது. ஆனால் வெடிப்பு வழியே தண்ணி போய் கல்லில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கும். கட்டியின் மூலைகளுக்கு மூன்று பக்கத்தாலும் அடி விழும், அதனால் மூலைதான் முதலில் போகும். உருண்டை வருவது அப்படித்தான். அலை வந்து களிமண்ணைக் கழுவிக்கொண்டு போகும், பாறை மிஞ்சும்.

பொள்ளாச்சிப் பொண்ணு:
அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ புதுத் தூண் வருமா?" என்கிறார். அப்புறம், அடுத்த மாதம் மாமனார் மாமியாரையும் கூட்டிப் போகணும். மாமியாருக்கு முழங்கால் வலி. கடற்கரைக்கு இறங்கும் கிப்சன் ஸ்டெப்ஸ் படிகளில் இறங்க முடியுமா அண்ணா?

சுன்னாகத்தான்:
வரும். கரையில் இப்பவும் முனைகள் இருக்கின்றன, அலையும் இருக்கிறது. பழசும் உண்டு: கரையிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தள்ளி, 50 மீற்றர் ஆழத்தில் இதே மாதிரி ஐந்து தூண்கள் மூழ்கி நிற்பதை சோனார் என்ற ஒலியலைக் கருவி வைத்து மெல்பேர்ண் பல்கலைக்கழகத்து ஆட்கள் கண்டுபிடித்தார்கள், 2016இல் செய்தி வந்தது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்துக் கரை அது.

கிப்சன் 86 படி, செங்குத்து. முழங்கால் வலி என்றால் வேண்டாம், மேலே இருந்தே இரண்டு தூண் தெரியும். அபாஸல்ஸ் பார்வை மேடைக்கு நடைபாதை நல்லது. லாக் ஆர்டில் நீங்கள் இறங்கினாலும் தொங்கும் பாறைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், வேலி போட்டிருப்பது கல் விழுவதால்தான்.