உடைந்த சோலார் பேனல்களை எங்கே கொடுப்பது? குடோனில் 43 நிற்கின்றன

மதுரை_மாடி_சோலார்:

வணக்கம். ஒன்பது வருடமாக மதுரையைச் சுற்றி வீட்டு மாடிகளில் சோலார் போட்டுக் கொடுக்கிறேன். நானும் மூன்று பையன்களும்தான். பேனல் மாட்டுவதைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வேன். கழற்றியதை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

குடோனில் இப்போது 43 பேனல் நிற்கின்றன. வண்டியில் வரும்போதே விரிசல் விட்டவை, வைகாசிக் காற்றில் ஸ்டாண்டோடு பிய்ந்து விழுந்தவை, 2013 வாக்கில் வேறு யாரோ போட்ட 250 வாட் பேனலைக் கழற்றிவிட்டு 540 வாட் போடச் சொன்ன வீடுகளின் பழசு என எல்லாம் கலந்து இருக்கிறது.

போன மாதம் வரை பழைய இரும்புக் கடைக்காரரிடம்தான் கொடுத்துவந்தேன். எடை போட்டுக் காசும் தருவார். மேலூர் தாண்டி ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனபோது கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினேன். கரைச் சரிவில் வெள்ளை வெள்ளையாக என்னவோ கிடந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் பேனல்கள். ஃபிரேம் இல்லை, பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியை கேபிளோடு அறுத்து எடுத்திருந்தார்கள். கண்ணாடி சுக்கல் சுக்கலாக நொறுங்கியிருந்தும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் படலம் பிடித்துக்கொண்டிருந்ததால் நனைந்த ஜமக்காளம் மாதிரி மடிந்து தண்ணீரில் பாதி கிடந்தது. ஒன்றைப் புரட்டினேன். பின்பக்க வெள்ளை ஷீட்டில் மார்க்கரால் ‘கிழக்கு வரிசை 4’ என்று எழுதியிருந்தது. என் பையனின் கையெழுத்து. கழற்றும்போது அப்படி எழுதி வைப்பது அவன் பழக்கம்.

பத்தடி தள்ளி கேபிளை எரித்துச் செம்பு எடுத்த கரித்தடம். அந்தப் பக்கம் ஆடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மாடியில் வேலை முடிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் “இது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே தம்பி?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று நம்பித்தான் சொல்லிவந்தேன். இனியும் அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் இந்த 43-ஐ ஒழுங்காக எங்கேயாவது சேர்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்கழிவு_கிடங்கு:

மறுசுழற்சி நிறுவனம் ஒன்றில் கிடங்கு பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடைக்காரர் ஏன் அப்படிச் செய்தார் என்று பார்க்க வேண்டும். பேனலின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கண்ணாடி. அலுமினியம் பத்தில் ஒரு பங்கு இருக்கும். மீதி பிளாஸ்டிக் படலம், சிலிக்கான், கொஞ்சம் செம்பு. வெள்ளியும் உண்டு, ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அவருக்குக் காசு வருவது ஃபிரேமிலும் கேபிளிலும்தான். அதை உருவிய பிறகு மிஞ்சுவதைக் கைக்காசு போட்டுத்தான் ஒழிக்க முடியும். எங்களுக்கும் அதே கணக்குதான். ஃபிரேமோடு முழுசாக வந்தால் அந்த அலுமினியக் காசில் மீதி வேலையை ஓட்டுவோம். ஃபிரேம் இல்லாமல் வந்தால் உங்களிடம்தான் கட்டணம் கேட்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாதீர்கள்.

செல்களை இணைக்கும் பட்டையில் வைத்திருக்கும் பற்றாசில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். பேனல் முழுசாக இருக்கும்வரை அது வெளியே வராது. நொறுங்கித் தண்ணீரில் வருடக்கணக்கில் ஊறினால் கசியும். சோலார் கண்ணாடி பலவற்றில் ஆன்டிமனி என்ற வேதிப்பொருள் சேர்ப்பதால் பாட்டில் செய்கிறவர்களும் அதை லேசில் வாங்கமாட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், எரிக்க விடாதீர்கள். பின்பக்க ஷீட் பலவற்றில் ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும். நுரையீரலை அரிக்கிற வாயு அது.

சட்டம் இருக்கிறது. 2022 மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. சோலார் பேனலும் அதில் வருகிறது, பொறுப்பு தயாரிப்பாளர் மேலும் இறக்குமதியாளர் மேலும். ஆனால் 2034-35 வரை சேரும் பேனல் கழிவை அவர்கள் சேமித்து வைத்தால் போதும் என்று அதே விதியில் இருக்கிறது. அதனால் உங்களைப் போன்ற சின்ன ஆட்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் பேனல்களின் சீரியல் நம்பரைப் பட்டியல் எடுத்து டீலருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் “ஃபிரேமை எடுத்த பிறகு கண்ணாடியை என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே கொடுக்காதீர்கள்.

அப்புறம், 43-ம் கழிவாக இருக்காது. கண்ணாடி உடையாததை எல்லாம் உச்சி வெயிலில் வைத்து மீட்டர் போடுங்கள். 60 செல் உள்ள 250 வாட் பேனல் 37 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 25 பக்கம் நின்றால் பெரும்பாலும் பின்பக்கக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் டையோடு ஒன்று போயிருக்கும், மாற்றிவிடலாம். ஆம்பியரும் பாருங்கள். கண்ணாடி உடைந்ததை மட்டும் ஆட்டுக்கொட்டகைக்கு ஆகும் என்று யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மழை இறங்கினால் ஃபிரேமிலேயே கரண்ட் அடிக்கும்.

எண்ணூர்_பக்கம்:

நண்பரே, நீங்கள் செய்வது நல்ல காரியம். ஆனால் இந்த மாதிரிப் பேச்சைப் பிடித்துக்கொண்டு சோலாரே மோசம் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள், அதுதான் என் பயம். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகத்தான் மிஞ்சும். அனல்மின் நிலையத்தின் அந்தச் சாம்பல் எங்கள் கொசஸ்தலையாற்றில் படிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இறால் தடவிப் பிடிக்கும் பெண்களின் காலெல்லாம் சாம்பல் சேறு. உங்கள் 43 பேனலை அதோடு ஒப்பிடவே முடியாது.

கமுதி_சாலை:

எண்ணூர் நண்பர் சொல்வது உண்மை. ஆனால் அங்கே சாம்பலைப் பற்றி ஆரம்பத்திலேயே யாரும் கேட்கவில்லை, அதனால்தான் இன்றைக்கு அந்த நிலை. சோலாருக்கு இப்போதே கேட்டுவிடலாம்.

எங்கள் பக்கத்தில் 2016-ல் வந்த கமுதி சோலார் நிலையம் 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். பேனலின் ஆயுள் 25 வருடம் என்று கணக்குப் போட்டால் 2041-ல் முடியும். மதுரை அண்ணனின் 43-க்கே வழி தெரியவில்லை, 25 லட்சத்தை யார் எங்கே கொண்டுபோவார்கள்? நிலம் எடுக்கும் அன்றைக்கே அதை எழுதி வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிலத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் சொல்லப்போவது வேறொரு சின்னக் கம்பெனி, பெயர் வேண்டாம். பட்டாக்காரர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருந்தார்கள், புரோக்கர் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார். கணக்கில் தரிசு என்று எழுதியிருந்த அந்தக் காட்டில்தான் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டு இருபது குடும்பம் பிழைத்தது. அவர்களுக்குப் பட்டா இல்லை, அதனால் யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை. உள்ளே ஓடிய ஓடையையும் மேடாக்கி வேலி போட்டார்கள். ஐப்பசி மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வரவில்லை, என் சித்தப்பாவின் மிளகாய்க் கொல்லையில் பதினோரு நாள் நின்றது. செடி வேரோடு அழுகியது.

கர்நாடகாவில் பாவகடாவில் வேறு மாதிரி செய்தார்கள். 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். நிலத்தை வாங்கவில்லை, ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாயில் தொடங்கி குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கிறது. அது எவ்வளவோ மேல். ஆனால் அங்கேயும் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர்களுக்கு வாடகையில் பங்கு கிடையாது.

எங்கள் ஊரில் ஒரு விஷயம் மட்டும் கைகூடியது. பேனலுக்கு அடியில் புல் மண்டியதும் கம்பெனி களைக்கொல்லி அடிக்க ஆரம்பித்தது. ஊர்க்கூட்டம் போட்டு, மருந்து வேண்டாம், எங்கள் ஆடு மேய்ந்து தரும் என்று கேட்டோம். வெள்ளாடு என்றால் பேனல் மேல் ஏறும், ஒயரைக் கடிக்கும். செம்மறி தலையைக் குனிந்தால் நிமிராது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள்.

மதுரை_மாடி_சோலார்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

கண்ணாடி நல்லபடி இருந்தவை 19. அதில் 14 நன்றாக ஓடுகின்றன. மூன்றுக்கு டையோடு மாற்றியதும் வோல்ட் சரியாக வந்துவிட்டது, இரண்டு தேறவில்லை. ஓடுகிற 17-ஐயும் ஒரு கீரைத் தோட்டக்காரர் கிணற்று மோட்டாருக்கு எடுத்துக்கொள்கிறார். மூன்று மாதம் ஓடிய பிறகு காசு கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பழைய இரும்புக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடும் கோபத்தில்தான் கிளம்பினேன். “நீங்க கொடுக்கும்போது மிச்சத்தை என்ன செய்யணும்னு சொல்லலையே” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே தன் குட்டி யானையை எடுத்துக்கொண்டு வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு ஐந்து பேர் கண்மாயில் இறங்கினோம். பதினொரு ஷீட் கிடைத்தது. தூக்கும்போதே கண்ணாடி உதிர்ந்தது. பொறுக்கின வரைக்கும் இரண்டு சாக்கு. மிச்சம் சேற்றில்தான் இருக்கிறது.

இந்த வாரம் முதல் கோட்டேஷனில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: உடைந்தாலும் காலம் முடிந்தாலும் பேனலைத் திரும்ப எடுத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதற்கு பேனலுக்கு 400 ரூபாய் தனியாகப் போட்டிருக்கிறேன். மூன்று வீட்டில் காட்டியதில் ஒருவர் மட்டும் அதை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. கண்மாய்ப் படத்தைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்.

டீலருக்குப் பட்டியல் அனுப்பியாயிற்று, இன்னும் பதில் இல்லை. மறுசுழற்சிக்கு ஒரு லோடு சேர்ந்தால்தான் வண்டி வாடகை கட்டுப்படியாகும். திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சோலார் போடுகிறவர்கள் யாரிடமாவது உடைந்த பேனல் இருந்தால் ஃபிரேமைக் கழற்றாமல் மழை படாத இடத்தில் வையுங்கள். எத்தனை இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். வண்டி கிளம்பும் தேதியை இந்த இழையிலேயே போடுகிறேன்.