கலனுக்குள் 463 டிகிரி: எங்கே தப்பு?

மெஷ்பைத்தியம்:
பயன்படுத்திய அணு எரிபொருளைக் கொண்டுபோகும் கலனுக்கு ஒரு வெப்ப மாடல் போட்டுட்டிருக்கேன். ஆய்வுக்காக நானே வரைஞ்ச கலன்: வெளிவிட்டம் 2.3 மீட்டர், நீளம் 5 மீட்டர், உள்விட்டம் 1.6, எரிபொருள் இருக்கிற நீளம் 4, சிதைவு வெப்பம் (கதிரியக்கச் சிதைவால் எரிபொருள் தானா விடுற சூடு) 20 கிலோவாட், சுற்றுப்புறம் 38 டிகிரி. கோல் கோலா வரையாம, கோல்கள் சேர்ந்த ஒவ்வொரு எரிபொருள் கட்டையும் ஒரே திடப்பொருளா எடுத்து, அதுக்கு ஈடான ஒரே வெப்பக் கடத்துத்திறனை (சமானக் கடத்துத்திறன்) கொடுத்திருக்கேன். கட்டுகளைத் தாங்குற பாஸ்கெட்டுக்கும் கலனின் உள்சுவருக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி. நடுக் கட்டில் 463 வருது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் எரிபொருள் கோலின் உலோக உறைக்குச் சொல்ற வரம்பு 400. மெஷ்ஷை (மாடலைச் சின்னச் சின்னதாப் பிரிக்கிற வலையை) மூணு தடவை நுணுக்கியாச்சு, ஒரு டிகிரி கூட இறங்கல.

பழைய கால்குலேட்டர்:
மெஷ்ஷை விடுங்க, பேப்பர் எடுங்க. வெளியிலிருந்து உள்ளே வாங்க.

பக்கச்சுவர் பரப்பு 36 சதுர மீட்டர். ரெண்டு முனையையும் மரம் வெச்ச மோதல் தாங்கி மூடியிருக்கும், அந்த வழியா ஒண்ணும் பெரிசா போகாது. ஆக சதுர மீட்டருக்கு 555 வாட். சுவர் 85 டிகிரின்னு வெச்சுப் பாருங்க: காத்து தானா ஓடிக் கொண்டுபோற வெப்பத்துக்கு (இயற்கைச் சலனம்) டிகிரிக்கு 5 வாட் போட்டா 235, வெப்பக் கதிர்வீச்சு 0.8 உமிழ்திறனில் 320. கணக்கு நேராயிடுச்சு. (நிழலில் 85ங்கறது சர்வதேச விதியின் வரம்பே. நூலிழையில் நிக்குறீங்க.) கதிர்வீச்சுக் கணக்கில் வெப்பநிலையின் நாலாம் படிக்குக் கெல்வின்தானே போட்டீங்க? கேட்கிறதுக்குக் கோச்சுக்காதீங்க, நானே ஒரு தடவை செல்சியஸ் போட்டு ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கேன்.

அடுத்து அந்த 5 மி.மீ. அங்கே 20 சதுர மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 1000 வாட். கலனுக்குள் நிரப்புற ஹீலியத்துக்குக் கடத்துத்திறன் 0.2 போட்டா 25 டிகிரி இறங்கணும். காத்துக்கு 0.04 போட்டா 125. உங்க மாடலில் எவ்வளவு?

மெஷ்பைத்தியம்:
121. இப்போதான் திறந்து பார்த்தேன். எரிபொருளுக்கான சமானக் கடத்துத்திறனை ஹீலியம் வெச்சே எடுத்திருக்கேன், இடைவெளியில் மட்டும் மென்பொருள் தானா வெச்ச காத்து அப்படியே கிடக்கு. மாத்தினதும் 26. ஆனா நடுக் கட்டு 377தான். 95 குறையவேண்டிய இடத்தில் 86 மட்டும் குறைஞ்சிருக்கே?

பழைய கால்குலேட்டர்:
அது சரியா இருக்குன்னு காட்டுற அறிகுறி. கட்டுக்குள்ளே வெப்பம் பாதிக்கு மேல கோலுக்குக் கோல் கதிர்வீச்சாப் போனாலும் ஆச்சரியமில்ல. சூடு இறங்கினா அந்தக் கடத்துத்திறனும் இறங்கும், கட்டுக்குள் வித்தியாசம் கொஞ்சம் கூடும். இடைவெளியிலும் கதிர்வீச்சைச் சேருங்க, இன்னும் ரெண்டு மூணு டிகிரி குறையும். அதோட அந்த 5 மி.மீ. குளிர்ந்த நிலை அளவா? அலுமினியப் பாஸ்கெட் எஃகைவிட அதிகமா விரியும், சூட்டில் இடைவெளி சுருங்கும். ஆனா முதலில் வெயிலை ஏத்துங்க. வளைந்த பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 400 வாட், 12 மணி நேரம். 377ஐ நம்பி உட்காராதீங்க.

சாய்ந்த கலன்:
குறுக்கே வரேன். கொண்டுபோகும்போது கலன் படுத்துக்கிடக்கும், பாஸ்கெட் அடியில் தொட்டுக்கிட்டு மேலே இடைவெளி ரெட்டிப்பா இருக்கும். சுத்திலும் 5ன்னு போட்டா அதிகபட்சம் கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும், அதனால வைக்கலாம். ஆனா உச்சம் சரியா நடுவில் வராது, கொஞ்சம் மேலே தள்ளும். அறிக்கையில் அதைச் சொல்லிடுங்க.

தீச் சோதனை ஓட்டியாச்சா? 800 டிகிரி, 30 நிமிஷம்?

மெஷ்பைத்தியம்:
ஓட்டினேன். 30 நிமிஷம் முடிஞ்சப்போ எரிபொருள் 4 டிகிரிதான் ஏறியிருந்தது. சந்தோஷமா மூடிட்டேன்.

சாய்ந்த கலன்:
மறுபடி திறங்க. தீ அணைஞ்சப்புறம் சுவரில் தேங்கின சூடு உள்ளேயும் நகரும், எரிபொருளின் உச்சம் பல மணி நேரம் கழிச்சு வரும். தண்ணி ஊத்திக் குளிர்விக்க விதி விடாது, சிதைவு வெப்பமும் நிக்காது. கோடு தானா கீழே திரும்புற வரைக்கும் ஓட விடுங்க.

மெஷ்பைத்தியம்:
ராத்திரிக்குப் போட்டுட்டேன். காத்து இல்ல, ஹீலியம்தான், ரெண்டு தடவை பார்த்துட்டேன்.