வேலைவாய்ப்பு ஆபீசும் லேபர் ஆபீசும் ஒரே துறையில் இருக்கணுமா?

பாலாறு:
கோட்டையில் எல்லாம் ஒரே அமைச்சர், ஒரே செயலாளர். பெயர் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை. அதன் கீழே தொழிலாளர் ஆணையரகம், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் (ஜனங்க வாயில் இன்னும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவமனைகளை நடத்தும் இயக்ககம், திறன் மேம்பாட்டுக் கழகம். போதாததுக்கு லேபர் கோர்ட்டுகளின் நிர்வாகமும் அங்கேதான்.

வேலைவாய்ப்பையும் பயிற்சியையும் இதிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்க வேண்டும் என்பது என் கட்சி. ராணிப்பேட்டை சிப்காட்டில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனி ஹெச்ஆர் இடத்திலிருந்து பாருங்கள். ஒரே துறையின் ஒரு கை குறைந்தபட்சக் கூலி ரிஜிஸ்டரைக் கேட்கிறது, இன்னொரு கை "காலியிடம் இருந்தா சொல்லுங்க, ஆள் அனுப்புறோம்" என்கிறது. எவன் வாயைத் திறப்பான்?

குடியாத்தம் கணக்கர்:
டெல்லி இந்த வேலையை ஏற்கனவே பாதி செய்து பார்த்துவிட்டது சார். வேலைவாய்ப்பும் பயிற்சியும் அங்கே ஒரே தலைமை இயக்ககமாக இருந்தது. 1945-ல், போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. திறன் மேம்பாட்டுக்குத் தனி அமைச்சகம் வந்ததும் 2015-ல் பயிற்சியை மட்டும் அங்கே தூக்கிக் கொடுத்தார்கள். இன்று ஐடிஐ சான்றிதழ் ஒரு அமைச்சகம், வேலை தேடும் தேசிய போர்ட்டல் இன்னொரு அமைச்சகம். ஃபிட்டர் முடித்த பையனின் விவரம் ஒரு பக்கம், ஃபிட்டர் கேட்கும் கம்பெனி மறு பக்கம். தமிழ்நாட்டில் அப்படிப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்களே, அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் 1959-ம் வருஷத்து காலியிட அறிவிப்புச் சட்டம். அதன்படி 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தனியார் நிறுவனம், ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 30 நாளுக்குள் ஈஆர்-1 படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. போன காலாண்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், எத்தனை காலியிடம் என்று ஒரே தாளில் வரும். அதை ஃபேக்டரி ஆண்டு அறிக்கையோடு வைத்துப் பார்த்தால் ஆள் கணக்கில் பொய் இருந்தால் தெரிந்துபோகும். துறையைப் பிரித்தால் அந்தத் தாள் ஒரு பீரோவில், இந்தத் தாள் ஒரு பீரோவில்.

பாலாறு:
60 வருஷத்துக்கு மேல் ஒரே பீரோவில்தானே இருந்தது. யார் வைத்துப் பார்த்தார்கள்?

அந்தச் சட்டத்தின் பல்லை எண்ணிப் பாருங்கள். முதல் தப்புக்கு அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம், அடுத்ததற்கு 1,000 என்றுதான் இருந்தது. மூன்று மாதத்துக்குக் குறைவான வேலையை அறிவிக்கத் தேவையில்லை. அறிவித்தாலும் அங்கிருந்து வரும் ஆளைத்தான் எடுக்கணும் என்ற கட்டாயம் கிடையாது. சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது, உச்ச நீதிமன்றமும் ஹர்கோபால் வழக்கில் 1987-ல் அதையே சொன்னது. 1996-ல் இன்னொரு தீர்ப்பு, அரசு வேலைக்கே வேலைவாய்ப்பு ஆபீஸ் பட்டியல் மட்டும் போதாது, விளம்பரமும் கொடுங்கள் என்றது.

இதெல்லாம் போக, காண்ட்ராக்ட். உதாரணத்துக்கு ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) சொந்த ரோலில் 22 பேர், மீதி ஆளெல்லாம் நாலைந்து மேஸ்திரி (காண்ட்ராக்டர்) கணக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டக் கணக்கில் முதலாளி 25-க்குக் கீழே, ஒவ்வொரு மேஸ்திரியும் 25-க்குக் கீழே. ஒருத்தரும் ஈஆர்-1 போட மாட்டார்கள். சட்டத்தை மிரட்டி இதைச் சரிசெய்ய முடியாது. நம்பி வந்து காலியிடம் சொல்ல வைக்கணும். ஐஎல்ஓவும் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) வேலைவாய்ப்புச் சேவைக்கு 88-ம் ஒப்பந்தம், தொழிலாளர் ஆய்வுக்கு 81-ம் ஒப்பந்தம் என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. ஆய்வாளருக்கு வேறு வேலை கொடுத்தால் அது ஆய்வைக் கெடுக்கக் கூடாது என்று 81-ல் தெளிவாகவே இருக்கிறது. இந்தியா இரண்டையும் ஏற்ற நாடு.

வாலாஜா ஷிப்ட்:
அண்ணே, மேலே எப்படிப் பிரிச்சா இன்னா, சேர்த்தா இன்னா. கீழ ஒரு தொழிலாளி எந்தக் கதவைத் தட்டணும்னு முதல்ல பாருங்க.

மெஷின்ல கை மாட்டிக்கிச்சுன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர். கூலி குறைச்சல், கிராஜுவிட்டி, வேலையை விட்டு நிறுத்தினது எல்லாம் தொழிலாளர் உதவி ஆணையர். ஆனா அதுலயே அமலாக்கம் ஒருத்தர், சமரசம் ஒருத்தர், கட்டடத் தொழிலாளி நல வாரியம் பார்க்கிற சமூகப் பாதுகாப்புத் திட்டம் இன்னொருத்தர். பிஎஃப் வேலூர் ஆபீஸ், அது மத்திய அரசு. 2019-ல வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சு வாலாஜா ராணிப்பேட்டைக்குப் போச்சு, ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போச்சு. லேபர் கோர்ட்டும் பிஎஃப்பும் வேலூர்லயேதான் இருக்கு.

இதுல மோசமா அடிபடுறது இஎஸ்ஐல. பணம் பிடிக்கிறது மத்திய கார்ப்பரேஷன், தொழிலாளிகிட்ட 0.75 சதவீதம், முதலாளிகிட்ட 3.25. டிஸ்பென்சரி டாக்டர் மாநில அரசு ஆள். டாக்டர் லீவு சர்டிபிகேட் தருவார், ஆனா நோய்க்கால உதவித்தொகை கார்ப்பரேஷன் கிளை ஆபீஸ்லதான் கிடைக்கும். சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். பிப்ரவரியில படுத்தா, போன வருஷம் ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும்.

சிக்கல் எங்கன்னா, நடுவுல மேஸ்திரி மாறுவான். புது மேஸ்திரி பழைய இன்ஷூரன்ஸ் நம்பரைக் கேட்காம புது நம்பர் போட்டுடுவான். ஒரு நம்பர்ல 50 நாள், இன்னொண்ணுல 60 நாள். ரெண்டுலயும் 78 இல்ல, கிளை ஆபீஸ் திருப்பி அனுப்பிடும். டாக்டர் சர்டிபிகேட் கையில இருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. மேஸ்திரி மாறினா பழைய நம்பரை எழுதிக் கொடுங்க, புது நம்பர் விழுந்துட்டா ரெண்டையும் இணைக்கச் சொல்லி கிளை ஆபீஸ்லயே மனு கொடுங்க. படுத்ததுக்கு அப்புறம் இதுக்கு அலைய முடியாது.

குடியாத்தம் கணக்கர்:
ஷிப்ட் சொன்னது என் கட்சிக்குத்தான் சாட்சி. இஎஸ்ஐ மருத்துவச் செலவில் கார்ப்பரேஷன் எட்டில் ஏழு பங்கு, மாநிலம் எட்டில் ஒரு பங்கு. இரண்டு அரசு சேர்ந்து நடத்தும் இடத்தில் நம்பர் இரண்டானால் கேட்க ஆள் இல்லை. இருக்கிற தையலிலேயே பிரிகிறது, நீங்கள் இன்னொரு தையல் போடுகிறேன் என்கிறீர்கள்.

சட்டமே சேர்க்கிற பக்கம்தான் போகிறது என்பதையும் பாலாறு கவனிக்கணும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 9 பழைய சட்டங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி, மகப்பேறு ஆகியவற்றோடு நாம் பேசும் 1959 சட்டமும் அதில் அடக்கம். இன்ஸ்பெக்டருக்கு வைத்த புதுப் பதவிப் பெயரே ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர். நீங்கள் இரண்டு கை என்கிறீர்கள், சட்டம் அதை ஒரே ஆளின் இரண்டு கையாக்கிவிட்டது.

பாலாறு:
போர்டை மாற்றி எழுதினால் இன்ஸ்பெக்டர் வேறு ஆள் ஆகிவிடுவாரா? நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கும் வரை கம்பெனிக்காரன் பயப்படத்தான் செய்வான். பயப்படவும் வேண்டும். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொட்டியைப் பார்க்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேறு துறை, டேனரிக்குள் ஆள் தங்குவதைப் பார்க்க வேண்டியது இந்தத் துறை. ஆய்வு முழு நேர வேலை சார். அந்த ஆளிடம் "இளைஞர்களுக்கு வேலையும் பிடித்துக் கொடு" என்று சொன்னால் இரண்டும் அரைகுறைதான்.

காட்பாடி ஜங்ஷன்:
நடுவில் ஒரு கேள்வி. வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கினால் வேலைவாய்ப்பு ஆபீஸ் பதிவு மூப்பு போய்விடும் என்கிறார்களே, நிஜமா?

குடியாத்தம் கணக்கர்:
போகாது. அது தனி, பதிவு தனி. பதிவு செய்து 5 வருஷம் முடிந்திருக்கணும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள், வயது 40, எஸ்சி எஸ்டிக்கு 45. பத்தாவது தேறினால் மாதம் 300, பிளஸ் 2-க்கு 400, டிகிரிக்கு 600, மூன்று வருஷம் வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருஷம் காத்திருந்தால் போதும், தொகையும் கூடுதல், 10 வருஷம் வரை. மூப்பு போவது வேறு வழியில்: 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால்.

வாலாஜா ஷிப்ட்:
அந்த 600-ஐ விடுங்க. நான் கேட்கிறது ஒண்ணுதான். டெல்லியில 2014-ல ஷ்ரம் சுவிதா போர்ட்டல்னு கொண்டுவந்தாங்க, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு அடையாள எண். பிஎஃப், இஎஸ்ஐ, மத்திய லேபர் கமிஷனர் எல்லாம் அதுக்குள்ள. ஃபேக்டரி லைசென்சு, ஈஆர்-1, மேஸ்திரி லைசென்சு மூணுலயும் அதே எண்ணைப் போடச் சொல்லிட்டா, யாரு எந்தத் துறையில இருந்தா இன்னா?

பாலாறு:
அதில் எனக்குச் சண்டை இல்லை. மேஸ்திரி லைசென்சில் முதலாளியின் எண்ணும் இருந்தால் அந்த 22 பேர் கணக்கும் உடையும். ஆனால் ஒன்று, அந்தக் கணக்கை வேலைவாய்ப்பு ஆபீஸ் பார்க்கலாம், நோட்டீஸ் கொடுக்கிற ஆள் அதே ஆபீசில் உட்காரக் கூடாது.

குடியாத்தம் கணக்கர்:
நோட்டீசே வராது என்று தெரிந்தால் அவன் சரியான கணக்கை ஏன் கொடுக்கப் போகிறான்? அதற்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் துறையைப் பிரிக்கலாம்.